விசை யாருடைய கையில்? மின்சாரத்தின் வழியே அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை

அண்ணல் அம்பேத்கரை நாம் அரசியலமைப்பின் சிற்பியாக அறிவோம். மகாத் குளத்தில் நீர் அள்ளிப் பருகியவராக, நாக்பூரில் பௌத்தம் தழுவியவராக அறிவோம். 1942 முதல் 1946 வரை இந்தியாவின் மின்சாரக் கொள்கைக்கும் ஆற்றுநீர்க் கொள்கைக்கும் பொறுப்பேற்றிருந்தவராக அவரை அறிந்தவர்கள் நம்மிடையே குறைவு. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் கையாண்ட சிக்கல், கூரைதோறும் சூரியத் தகடுகளும் மலையடிவாரங்களில் காற்றாலைகளும் பெருகிவரும் இந்நாளில் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. ஊருக்கு ஊர் சிறு மின்னாக்கிகளை நிறுவி, மைக்ரோகிரிட் எனப்படும் உள்ளூர் மின்வலைகளை அமைத்துக்கொள்ளலாம் என்று இன்று பேசப்படுகிறது. அத்தகைய வலையில் மின்சாரம் போதாமற்போகும் மாலைநேரத்தில் எந்தத் தெருவின் விளக்கு முதலில் அணையும்? அதைத் தீர்மானிப்பவர் யார்? இதைப் பொறியாளர்களின் கேள்வியென்று விட்டுவிட நம்மால் இயலாது. அண்ணலின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு சேர்த்து வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் இதைக் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று சிந்திக்கிறோம். சின்னமனூருக்கு அருகே, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் பேரூர் மார்க்கையன்கோட்டை. அங்கிருந்து சுற்றிலும் பார்த்தால் மின்சாரத்தின் பல வடிவங்களும் ஒரே மாவட்டத்துக்குள் தென்படுகின்றன. லோயர் கேம்ப்பில் பெரியாறு புனல் மின்நிலையம், மலையில் சுருளியாறு மின்நிலையம், ஆற்றின் போக்கில் சிறு புனல் மின்நிலையங்கள், ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள், வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள். பரவலாக்கப்பட்ட மின்னாக்கம் என்று நூல்கள் சொல்வதை இங்கே கண்ணால் காணலாம்.

குழாயைத் திறந்த கை

பீமாராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்னும் படைமுகாம் நகரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார், தாய் பீமாபாய். சாத்தாராவில் பள்ளிக்குச் சென்றபோது, வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின்மீது வகுப்பறையின் ஓரத்தில் தனியே அமர்ந்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தொடுவதற்கு அவருக்கு அனுமதியில்லை. ஆசிரியரின் சம்மதம் பெற்றுப் பள்ளிப் பணியாளர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் சிறுவனுக்குத் தண்ணீர் இல்லை.

குழாயில் நீர் இருந்தது. சிறுவனுக்குத் தாகமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கை இருந்தது. வழங்கலும் தேவையும் தாமாகச் சந்தித்துக்கொள்வதில்லை என்பதை அவர் பொருளியல் நூல்களைத் திறப்பதற்கு முன்பே பள்ளியில் கற்றுக்கொண்டார்.

குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தபின், பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் ஒற்றை அறையில், விடியலுக்கு வெகுமுன்னே எழுந்து மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்தார். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மின்சார வரலாற்றில் அந்நகருக்குத் தனி இடம் உண்டு. எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882-இல் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. சில தெருக்களுக்கு மட்டும் ஒளி தந்த அந்நிலையம், இன்றைய சொல்லில் கூறினால் ஒரு மைக்ரோகிரிட். உலகின் மின்சாரம் சிறு வலைகளாகத்தான் தொடங்கியது. பெரிய வலைகள் பின்னர் வந்தவை.

கொலம்பியாவிலும் இலண்டனிலும் அவர் பயின்றது பொதுநிதியும் நாணயமும். ஆனால் 1918-இல் வெளிவந்த ஒரு கட்டுரை நம் பொருளுக்கு நெருக்கமானது. இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றியது அது. துண்டு துண்டான நிலமே வறுமைக்குக் காரணம், அவற்றை ஒன்றுசேர்த்தால் போதும் என்று அக்காலப் பொருளியலாளர் பலர் கருதினர். அண்ணல் அதை மறுத்தார். நிலத்தின் அளவைவிட, அதன்மேல் செலுத்தப்படும் மூலதனமும் கருவிகளுமே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன என்றார். வேறு வேலையில்லாமல் நிலத்தின்மேல் சுமையாகக் கிடக்கும் மக்களைத் தொழில்துறை ஏற்றுக்கொள்ள வேண்டும். தொழில்மயமே வேளாண்மைக்கும் மருந்து என்று வாதிட்டார். நிலமற்றவர்களின் பக்கமிருந்து எழுந்த பொருளியல் அது. தொழில் வேண்டுமென்றால் ஆற்றல் வேண்டும். கால் நூற்றாண்டுக்குப்பின் மின்சாரத் துறை அவர் பொறுப்பில் வந்தபோது இந்த வாதத்தையே அவர் கொள்கையாக்கினார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நடத்திய போராட்டங்கள் நாம் நன்கறிந்தவை. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றுத் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் மக்களைத் திரட்டிச் சென்று நீர் அருந்தும்வரை அந்தத் தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. அருந்தியபின் தாக்குதலும் வழக்கும் வந்தன. உயர்நீதிமன்றத்தின் சாதகமான தீர்ப்புக்கு 1937 வரை காத்திருக்க நேர்ந்தது. உரிமை அறிவிக்கப்படுவதற்கும் அது வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்கும் இடையில் எவ்வளவு தொலைவு என்பதை மகாத் காட்டியது.

மின்சாரத்தின் பொறுப்பாளர்

1942 ஜூலையில் அண்ணல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். வேலைநேரம், சுரங்கப் பெண் தொழிலாளர் நலன், முத்தரப்புத் தொழிலாளர் மாநாடு ஆகியவற்றில் அவர் ஆற்றிய பணி பலமுறை பேசப்பட்டுள்ளது. அத்துறையின்கீழ் பொதுப்பணியும் நீர்ப்பாசனமும் மின்சாரமும் இருந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அன்றைய இந்தியாவில் மின்சாரம் எந்நிலையில் இருந்தது? விடுதலையின்போது நாடு முழுவதிலும் இருந்த மின்நிறுவுதிறன் 1,362 மெகாவாட். இன்று நம் லோயர் கேம்ப் மின்நிலையம் ஒன்றே தொடக்கத் திட்டப்படி 140 மெகாவாட் கொண்டது. அன்றைய இந்தியாவின் மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆள் ஒன்றுக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைத்த மின்சாரம் சுமார் 16 யூனிட். மின்சாரம் எட்டிய சிற்றூர்கள் சுமார் 1,500. இருந்தவற்றில் பெரும்பாலானவை நகருக்கு ஒன்றாகத் தனியார் உரிமம் பெற்று நடத்திய சிறு நிலையங்கள். ஒன்றோடொன்று தொடர்பற்ற தீவுகளாக அவை இயங்கின. இலாபம் தரும் தெருவுக்குக் கம்பி போனது. தராத தெருவுக்குப் போகவில்லை.

சென்னை மாகாணத்தில் மட்டும் மாற்றுவழி ஒன்று உருவாகியிருந்தது. அரசே முதலிட்டுப் பைக்காரா புனல் மின்நிலையத்தை 1932-இலும், மேட்டூர் மின்நிலையத்தை 1937-இலும், பாபநாசத்தை 1944-இலும் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அவற்றைக் கம்பிகளால் இணைக்கவும் செய்தது. இந்த இணைப்பின் பயனை எளிதில் புரிந்துகொள்ளலாம். மேட்டூரின் மின்னாக்கம் பாசனத்துக்குத் திறக்கப்படும் நீரைச் சார்ந்தது. மதகு மூடினால் மின்சாரமும் குறையும். நீலகிரியில் மலைமேல் நீரைத் தேக்கிவைக்க முடிந்த பைக்காரா அந்தக் குறையை ஈடுசெய்ய முடிந்தது. ஒன்றின் இல்லாமையை இன்னொன்றின் இருப்பு நிரப்பியது.

கம்பம் பள்ளத்தாக்கோ அப்போது வேறொரு வழக்கில் சிக்கியிருந்தது. 1895-இல் கட்டிமுடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரைக் கொண்டு சென்னை அரசு மின்சாரம் எடுக்கலாமா என்பதில் திருவிதாங்கூருடன் தகராறு. ஒப்பந்தம் பாசனத்துக்கு மட்டுமே, மின்சாரத்துக்கு அன்று என 1941-இல் நடுவர் தீர்ப்பளித்தார். 1970-இல் கேரளமும் தமிழ்நாடும் செய்துகொண்ட துணை ஒப்பந்தமே இதற்கு முறையான தீர்வு தந்தது. ஓர் ஆறு, இரண்டு அரசுகள், பாசனமும் மின்சாரமும் என இரண்டு பயன்கள். இந்த முடிச்சு இந்தியாவின் பல ஆறுகளிலும் இருந்த காலத்தில்தான் அண்ணல் பொறுப்பேற்றார்.

1943 அக்டோபர் 25 அன்று, போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கான பொதுப்பணி, மின்சாரக் கொள்கைக் குழுவின் தலைவராக அவர் உரையாற்றினார். மின்சாரம் அரசுக்குச் சொந்தமாக இருக்க வேண்டுமா, தனியாருக்கா? தனியாருக்கெனில், பொதுமக்கள் நலனைக் காக்க எந்த நிபந்தனைகளை விதிப்பது? பொறுப்பு மத்திய அரசுடையதா, மாகாணங்களுடையதா? மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்கவும், வளம் வீணாகாமல் இருக்கவும் எந்த நிர்வாகமுறை சிறந்தது? இந்தக் கேள்விகளை வரிசையாக அவர் குழுவின்முன் வைத்தார். மின்சாரம் எதற்கு என்பதற்கும் விடை தந்தார். தொழில்மயம் வேண்டும் என்பதற்காக. தொழில்மயம் எதற்கென்றால், தலைமுறை தலைமுறையாகச் சுழலும் வறுமையிலிருந்து மக்களை மீட்பதற்காக. 1918-இன் கட்டுரையை எழுதிய மாணவரை இந்த உரையில் நாம் அடையாளம் காணலாம்.

அடுத்து அவர் செய்தவை நிறுவனங்களாக நின்றன. நாடளாவிய மின்வளத்தை ஆராயவும், வட்டாரங்களை இணைக்கும் வலைகளைத் திட்டமிடவும் மத்தியத் தொழில்நுட்ப மின்சார வாரியம் உருவாக்கப்பட்டது. ஆறுகளுக்காக மத்திய நீர்வழி, பாசன, நீர்ப்போக்குவரத்து ஆணையம் 1945-இல் அமைந்தது. இந்தியப் பொறியாளர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கவும் திட்டம் வகுக்கப்பட்டது.

இக்கொள்கையின் பெரிய சோதனைக்களம் தாமோதர் பள்ளத்தாக்கு. 1943-இல் அங்கே பெருவெள்ளம் வந்தது. வங்காளம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த நேரம் அது. விசாரணைக் குழுவில் இடம்பெற்ற இயற்பியலாளர் மேக்நாத் சாகா, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும் என வலியுறுத்தினார். மாணவர் விடுதியில் சாதி இழிவைச் சந்தித்து வளர்ந்தவர் சாகா. 1945-இல் கல்கத்தாவில் நடந்த மாநாடுகளுக்கு அண்ணல் தலைமையேற்று, வங்காளத்தையும் பீகாரையும் ஒரே திட்டத்தில் பேசவைத்தார். வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவரும் பல்நோக்குத் திட்டம் பிறந்தது. புனல் மின்சாரத்துடன் அனல் மின்சாரத்தையும் அது சேர்த்தது. நிலக்கரி நிலையம் மெதுவாக எழுந்து சீராக ஓடும். நீர்ச் சுழலி சில நிமிடங்களில் எழுந்து மாலை உச்சத் தேவையைத் தாங்கும். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-இல் சட்டத்தின்வழி அமைந்தபோது அண்ணல் அத்துறையில் இல்லை. அடித்தளம் அவர் காலத்தில் இடப்பட்டது. அதே ஆண்டில் வந்த மின்சார வழங்கல் சட்டம் மாநில மின்வாரியங்களுக்கு வழிவகுத்தது. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று தோன்றியது.

சமநிலை என்றால் என்ன?

சிதறிய சிறு நிலையங்களை இணைக்கவேண்டும் என்ற அன்றைய முடிவின் பொருளை அறிய, மின்வலை எவ்வாறு நிலைபெறுகிறது என்பதைச் சற்றே பார்க்க வேண்டும். நெல்லைக் குதிரில் சேமிக்கலாம். நீரைக் கண்மாயில் தேக்கலாம். மாறுமின்சாரமோ உற்பத்தியாகும் நொடியிலேயே செலவாக வேண்டும். உற்பத்தியும் செலவும் ஒத்திருந்தால் நம் நாட்டில் அலைவெண் நொடிக்கு 50 என நிற்கும். தேவை மிகுந்தால் அது இறங்கும். உற்பத்தி மிகுந்தால் ஏறும். எல்லை கடந்தால் பாதுகாப்புக் கருவிகள் இணைப்பைத் துண்டிக்கும்.

மார்க்கையன்கோட்டை போன்ற ஒரு பேரூரில் மைக்ரோகிரிட் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக் கூரையில் சூரியத் தகடுகள், வாய்க்காலில் ஒரு சிறு சுழலி, மேட்டில் ஒரு காற்றாலை, அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர், கொஞ்சம் மின்கலங்கள். மறுபக்கம் வீடுகள், தெருவிளக்குகள், குடிநீர் மோட்டார், அரிசி ஆலை, திராட்சைத் தோட்டத்துப் பம்புசெட்டுகள். வெயில் நண்பகலில் உச்சம். வீடுகளின் தேவை மாலை ஏழு மணிக்கு உச்சம். காற்று தென்மேற்குப் பருவத்தில் வலுக்கும், பின்னர் ஓயும். வாய்க்காலில் நீர் பாசன முறைப்படி வரும். மின்சாரம் வேண்டுமென்பதற்காக வராது. ஒரு மேகம் கடந்தால் தகடுகளின் உற்பத்தி நொடிகளில் சரியும். ஒரு பெரிய மோட்டார் எழும்போது தன் வழக்கமான அளவைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பெருவலையில் இது கடலில் விழும் துளி. சிறுவலையில் இதுவே புயல். பெருநிலையங்களில் சுழலும் கனத்த உருளைகள் தம் சுழற்சி வேகத்தால் அதிர்ச்சியைத் தாங்கும். சூரியத் தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் அந்தச் சுழல்கனம் இல்லை.

இதைச் சமாளிக்கப் பொறியியல் நான்கு வழிகளை வைத்திருக்கிறது. முதலாவது, பகிர்வு. சுமை கூடி அலைவெண் சற்றே இறங்கியதும், அந்த இறக்கத்தையே செய்தியாகக் கொண்டு ஒவ்வொரு மின்னாக்கியும் தன் திறனுக்குத் தக்க பங்கைக் கூட்டித் தரும்; யாரும் யாருக்கும் கட்டளையிடத் தேவையில்லை. இரண்டாவது, சேமிப்பு: நண்பகலின் மிகுதியை மின்கலத்தில் ஏற்றி மாலைக்கு வைத்தல். மூன்றாவது, தேவையை நகர்த்துதல்: குடிநீர்த் தொட்டியை வெயில் நேரத்தில் நிரப்பலாம், பாசன மோட்டார்களுக்கு நேரம் வகுக்கலாம். இவை மூன்றும் போதாதபோது நான்காவது, துண்டித்தல்: சில கிளைக் கம்பிகளை அணைத்து மற்றவற்றைக் காப்பாற்றுதல்.

முதல் மூன்றிலும் இயற்பியல் பேசுகிறது. நான்காவதில் சமூகம் பேசத் தொடங்குகிறது. எந்தக் கிளை முதலில் அணையும் என்ற பட்டியலை ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும். அரிசி ஆலையா, தோட்டத்துப் பம்புசெட்டா, ஊர்த் தெருவா, காலனியா? கருவி அந்தப் பட்டியலை நிறைவேற்றும்; எழுதாது. 1989-இல் போடி வட்டாரத்தில் சாதி வன்முறையைக் கண்ட பள்ளத்தாக்கு இது. இங்கே அந்தப் பட்டியல் ஊர்ப்பெரியவர்களின் திண்ணையில் எழுதப்படுமென்றால், அதன் முதல் வரியில் எந்தத் தெரு இருக்கும் என்பதை நம் மாணவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

சிறு நிலையங்கள் இணைந்ததற்குப் பொறியியல் காரணமும் உண்டு. சிகாகோவில் சாமுவேல் இன்சல், வீடுகளும் டிராம் வண்டிகளும் ஆலைகளும் வெவ்வேறு நேரங்களில் மின்சாரம் கேட்கின்றன என்பதைக் கண்டு, அவற்றை ஒரே வலையில் சேர்த்தார். குறைந்த இயந்திரங்களைக் கொண்டு அதிகம் பேருக்குக் குறைந்த விலையில் வழங்க முடிந்தது. பிரிட்டன் 1926-இல் சட்டமியற்றித் தேசிய மின்வலை அமைத்தது. இணைப்பு பெரிதாகப் பெரிதாக, ஒருவரின் இருளை இன்னொருவரின் மிகுதி நிரப்புவது எளிதாகும். இன்சல் அதை இலாபத்துக்காகச் செய்தார். அண்ணலோ பொதுவுடைமையின் வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் செய்ய முனைந்தார்.

ஊரும் சட்டமும்

அண்ணல் இயந்திரத்தை அஞ்சவில்லை. இயந்திரமும் நவீன நாகரிகமும் மனிதனை மாட்டின் உழைப்பிலிருந்து விடுவித்து அவனுக்கு ஓய்வும் சிந்தனையும் தருபவை என்றே கருதினார். தீங்கு இயந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலர் மட்டும் உரிமையாக்கிக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பது காந்தியத்தின்மீது அவர் வைத்த விமர்சனத்தின் சாரம். 1947-இல் அவர் முன்வைத்த மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற ஆவணம், அடிப்படைத் தொழில்கள் அரசுக்கு உரியவையாக வேண்டும், வேளாண்மையும் அரசுத் தொழிலாக வேண்டும், அது அரசியலமைப்பிலேயே எழுதப்பட வேண்டும் என்று கோரியது. ஆளும் பெரும்பான்மை மாறும்போதெல்லாம் மாறிப்போகக்கூடிய சாதாரணச் சட்டத்தை அவர் நம்பவில்லை.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் வரைவை முன்வைத்தபோது, கிராமமே அடிப்படை அலகாக வேண்டும் என்ற கோரிக்கையை அவர் வெளிப்படையாக மறுத்தார். குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புவெறியும் குடியிருக்கும் இடமாகக் கிராமத்தை அவர் கண்டார். தனிமனிதரையே அலகாகக் கொண்டார். உள்ளூர்த் தன்னிறைவு என்ற சொல் இன்று மைக்ரோகிரிட்டின் விளம்பரங்களில் இனிமையாக ஒலிக்கிறது. அச்சொல்லைக் கேட்கும்போது அந்த உரையை நாம் நினைவில் கொள்ள வேண்டும். தன்னிறைவு பெற்ற ஊருக்குள் சேரி எங்கே இருக்கிறது என்பது நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

அவர் வடித்த அரசியலமைப்பில் மின்சாரம் பொதுப்பட்டியலின் 38-ஆவது பதிவாக அமைந்தது. ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டிய பொருள் அது. மாநிலங்களிடையிலான ஆற்றுநீர்த் தகராறுகளுக்கு 262-ஆவது பிரிவு வந்தது. 1951-இல் அமைச்சரவையிலிருந்து விலகினார். 1956 அக்டோபர் 14 அன்று இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்தார்.

அவருக்குப் பின்

அவர் மறைந்து சரியாக மூன்றாண்டுகள் கழித்து, 1959 டிசம்பர் 6 அன்று, தாமோதர்த் திட்டத்தின் பாஞ்சேத் அணை திறக்கப்பட்டது. நேருவின் முன்னிலையில் பொத்தானை அழுத்தியவர் அங்கே வேலைசெய்த புத்னி மெஜான் என்னும் சந்தால் இளம்பெண். விழாவில் நேருவுக்கு மாலையிட்டதால் அவர் மணமானவராகிவிட்டார் எனக் கூறிச் சமூகம் அவரை விலக்கிவைத்தது. 1962-இல் கழக வேலையையும் இழந்தார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அது மீண்டும் கிடைத்தது. அணைகளுக்காக நிலமிழந்த ஆதிவாசிகளின் கதையும் அத்திட்டத்தின் ஒரு பகுதி. ஒரு நாள் விசையை அழுத்தும் வாய்ப்பு அதிகாரமாகிவிடாது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. பெருந்திட்டங்களைப் பற்றிய அண்ணலின் நம்பிக்கையை நாம் மதிப்பிடும்போது இந்தக் கணக்கையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும்.

பெருவலை தன்னால் நீதியைக் கொண்டுவந்துவிடவும் இல்லை. 1997 வரை, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தப் பயனுக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமம் எனக் கணக்கில் ஏறியது. ஒரு நிலவுடைமையாளரின் பம்புசெட்டு ஊர் முழுமைக்கும் ஒளி வந்ததாகக் காட்டப் போதுமானதாக இருந்தது. 2004-இல் வந்த புதிய வரையறைதான் மின்மாற்றியும் கம்பிகளும் தலித் குடியிருப்புக்கும் சென்றிருக்க வேண்டும், பள்ளி முதலிய பொது இடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும், குறைந்தது நூற்றுக்குப் பத்து வீடுகளாவது இணைப்புப் பெற்றிருக்க வேண்டும் என்றது. விடுதலைக்கு 57 ஆண்டுகளுக்குப் பின் சேரி அந்த வரையறைக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டில் வேளாண்மைக்கு இலவச மின்சாரம் உண்டு. நிலமும் கிணறும் உள்ளவருக்கே அது பயன்படும். நிலமற்றவரின் குடிசைக்கு நெடுங்காலம் ஒற்றை விளக்குதான். ஏழையின் தேவைக்கு மட்டும் உச்சவரம்பு விதித்து எட்டப்பட்ட சமநிலை அது.

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு 2 மணி நேரம் வெட்டு விழுந்தபோது பிற மாவட்டங்கள் 10 மணி நேரத்துக்கும் மேல் இருண்டன. வழங்கல் குறைந்த நாளில் யாரைத் துண்டிப்பது என்ற பட்டியல் அப்போதும் எங்கோ எழுதப்பட்டிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல வலை நாட்டின் பிற வலைகளோடு ஒத்தியங்கத் தொடங்கியதும், அண்ணலின் காலத்து வாரியம் தொடங்கிய இணைப்புப் பணி நாடளாவிய ஒரே வலையாக நிறைவெய்தியது.

இனி, சிறுவலையின் அனுபவம் ஒன்று. பீகாரின் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னை என்னும் கிராமம் 30 ஆண்டுகளுக்கும் மேல் மின்சாரமின்றிக் கிடந்தது. 2014 ஜூலையில் அங்கே 100 கிலோவாட் சூரிய மைக்ரோகிரிட் தொடங்கப்பட்டது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் 70, பாசன மோட்டார்களுக்கு 30. விளக்குகள் எரிந்தன. ஆனால் தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் வந்ததும் தேவை வழங்கலைத் தாண்டியது, கட்டுப்பாடுகள் வந்தன. தங்களுக்கு அளவுபார்க்காத, முழுமையான மின்சாரம் வேண்டுமென மக்கள் கேட்டனர். விரைவில் பெருவலை அங்கே வந்தது. சூரிய வலை கைவிடப்பட்டது. அவர்கள் நன்றி மறந்தவர்கள் என்று சிலர் எழுதினர். நாம் அப்படி வாசிக்கவில்லை. நகரத்துக்காரருக்கு அளவில்லாத மின்சாரமும் தங்களுக்கு எண்ணித்தரும் மின்சாரமும் என்ற பிரிவினையை அம்மக்கள் ஏற்க மறுத்தனர். அறிவிக்கப்பட்ட உரிமை வாசலுக்கு வரவேண்டும் என்று மகாத் மக்கள் கேட்டதற்கும் இதற்கும் உறவு உண்டு.

ஆகவே மைக்ரோகிரிட்டை எதிர்ப்பது நம் நிலைப்பாடு ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கில் காற்றும் வெயிலும் நீரும் வெவ்வேறு பருவங்களில் வருகின்றன. அவற்றைச் சேர்த்து இயக்குவது அறிவுடைமை. பெருவலை வீழ்ந்த நேரத்திலும் உள்ளூர் மருத்துவமனையும் குடிநீரும் நிற்க அது உதவும். பெருவலையோடு இணைந்தும், வேண்டியபோது தனித்தும் இயங்கும் வலையே நமக்குத் தேவை. பெருவலைக்கு மாற்றாக ஏழைகளின் தலையில் கட்டப்படும் வலை தேவையில்லை. அதன் உரிமை பொது அமைப்பிடம் இருக்க வேண்டும். துண்டிக்கும் வரிசை எழுதப்பட்டு, பேரூராட்சி அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டப்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தபட்ச மின்சாரம் சட்ட உறுதியாக வேண்டும். அந்த அளவுக்குக் கீழே எந்த வீடும் துண்டிக்கப்படக்கூடாது. காலனியின் கம்பி, ஆலையின் கம்பிக்கு முன்னதாக அணைக்கப்படக்கூடாது. கட்டுப்பாட்டு அறையின் வேலைகளில் நம் இளைஞர்களும் பெண்களும் இடஒதுக்கீட்டின்படி அமர வேண்டும்.

பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுகளில் அலைவெண்ணையும் மின்கலத்தையும் கணக்கிடும்போது, துண்டிக்கும் வரிசையையும் கணக்கில் எடுங்கள்; அதை எழுதியவர் யார், எந்த அதிகாரத்தில் எழுதினார் என்று கேளுங்கள். செயல்பாட்டாளர்கள் தம் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு கொடுக்கலாம். நம் காலனிக்கு மின்சாரம் தரும் மின்மாற்றி எது, அதன் கிளை கடந்த ஓராண்டில் எத்தனை மணி நேரம் துண்டிக்கப்பட்டது, ஊர்த்தெருவின் கிளை எத்தனை மணி நேரம் துண்டிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகள் போதும். அந்த விடைகளோடுதான் புதிய வலைகளைப் பற்றிய எந்தப் பேச்சுவார்த்தையிலும் நாம் உட்கார வேண்டும்.